கடல் நடுவே ஓர் ஆலை

தில்லியிலும் மும்பையிலும் ஆமதாபாத்திலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில், குழாய் வழியே வரும் எரிவாயுவில் உலை பொங்குவது இப்போது சாதாரணக் காட்சியாகிவிட்டது. சிலிண்டரில் அடைபட்டு வருவது வேறு. குழாயில் வருவது வேறு. முன்னது புரோப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களின் கலவை. சிறிது அழுத்தினாலே திரவமாகிவிடும் இயல்புடையது. பின்னது பெரும்பாலும் மீதேன்; பூமியின் அடியில் தானாகவே அமைந்து கிடக்கும் இயற்கை வாயு. தில்லி நகரத்துப் பேருந்துகளிலும் ஆட்டோக்களிலும் பல ஓடுவதும் இவ்வாயுவினாலேயே. நம் நாடு செலவிடும் இயற்கை வாயுவில் ஏறத்தாழப் பாதி வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் கத்தாரிலிருந்து குஜராத்தின் தஹேஜ் துறைமுகத்துக்கு வந்த கப்பலே இதற்கு முதற்படி. நம் எண்ணூரிலும் 2019-இல் அத்தகைய துறை ஒன்று ஏற்பட்டது.

வாயு கப்பலில் வருவது எவ்வாறு என்ற கேள்வி இங்கே எழுவது இயல்பு. மீதேனைச் சுழியத்துக்குக் கீழே 162 டிகிரி வரை குளிர்வித்தால் அது தெளிந்த நீர் போன்ற திரவமாகிறது. அதன் கன அளவும் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஒரு பெரிய மண்டபத்தை நிரப்பும் வாயு, ஓர் அறையின் மூலையில் அடங்கிவிடும் என்று கொள்ளலாம். குளிர்வித்துத் திரவமாக்கி, கப்பலேற்றி, சேருமிடத்தில் மீண்டும் சூடாக்கி வாயுவாக்கினால் வேலை முடிந்தது. சொல்வதற்கு எளிதான இக்காரியம் நடைமுறைக்கு வர மனிதர் கொடுத்த விலை சிறிதன்று.

1944-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, அமெரிக்காவின் கிளீவ்லந்து நகரில், திரவ வாயுவைச் சேமித்து வைத்திருந்த தொட்டி ஒன்று பிளந்தது. வெளிப்பட்ட திரவம் தெருக்களிலும் சாக்கடைகளிலும் பாய்ந்து தீப்பற்றியது. சுமார் 130 பேர் மாண்டனர். அத்தொட்டியின் எஃகில் நிக்கல் போதிய அளவு கலக்கப்படவில்லை என்பதும், கடுங்குளிரில் அத்தகைய எஃகு கண்ணாடி போல நொறுங்கும் என்பதும் பின்னர்த் தெளிவாயின. அந்த ஒரு நாள் நிகழ்ச்சி இத்தொழிலைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்னுக்குத் தள்ளியது.

மீண்டும் துணிந்தவர்கள் யார் என்றால், வியப்பாக இருக்கும். சிக்காகோ நகரத்து இறைச்சிச் சந்தையின் முதலாளிகள்! 1950-களில், லூயிசியானாவில் மலிவாகக் கிடைத்த வாயுவைத் திரவமாக்கி, மிஸிஸிப்பி ஆற்றின் வழியே படகில் சிக்காகோவுக்குக் கொண்டுவர அவர்கள் திட்டமிட்டனர். அதற்கென ஒரு தட்டைப் படகின் மீதே குளிர்விக்கும் ஆலையை அமைத்தனர். ஆற்றுத் திட்டம் நிறைவேறவில்லை. ஆனால் 1959 ஜனவரியில், ‘மீதேன் பயனியர்’ என்னும் கப்பல் லூயிசியானாவின் லேக் சார்ல்ஸ் துறையிலிருந்து சரக்கேற்றிப் புறப்பட்டு, பிப்ரவரி 20-ஆம் தேதி இங்கிலாந்தில் தேம்ஸ் நதி முகத்திலுள்ள கான்வி தீவை அடைந்தபோது, அது சுமந்து சென்ற திரவம் அந்தப் படகின் மேல் இருந்த ஆலையில் உருவானதேயாகும். பழைய சரக்குக் கப்பல் ஒன்றை மாற்றியமைத்து, அலுமினியத் தொட்டிகளைப் பால்சா மரத்தால் போர்த்தி, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஆகவே மிதக்கும் ஆலை என்ற எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. இத்தொழிலின் தொட்டிலிலேயே அதுவும் இருந்தது.

எனினும், பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் எல்லா ஆலைகளும் கரையிலேயே எழுந்தன. 1964-இல் அல்ஜீரியாவின் அர்ஸேவ் நகரில் வாணிப முறையில் முதல் ஆலை இயங்கலாயிற்று. பிறகு அலாஸ்கா, புரூனை, இந்தோனேசியா, மலேசியா, கத்தார் என்று வரிசை நீண்டது. கடலடியில் வாயு கிடைத்தால் கரைக்குக் குழாய் போடுவது, கரையில் ஆலை கட்டுவது, அதனருகே துறைமுகம் தோண்டுவது என்பதே மரபாயிற்று. வயல் சிறிதாகவோ, கரை மிகத் தொலைவாகவோ, கடல் மிக ஆழமாகவோ இருந்தால் அவ்வாயு ‘அகப்பட்டுக்கொண்ட வாயு’ என்று கணக்கில் எழுதப்பட்டு அப்படியே கிடந்தது. குழாயின் செலவு வாயுவின் விலையை விழுங்கிவிடும் என்பதே காரணம். பொறியியல் அறிஞர்கள் கடலிலேயே ஆலையை மிதக்கவிடும் திட்டங்களை 1970-கள் தொட்டு வரைந்துகொண்டே இருந்தனர். வரைபடங்கள் பெட்டியிலேயே உறங்கின.

இவ்விடத்தில் சொல் பற்றி ஒரு சிறு குறிப்பு. சர்க்கார் காகிதங்களை மொழிபெயர்ப்போர் ‘மிதக்கும் திரவ இயற்கை வாயு’ என்று சொல்லுக்குச் சொல் எழுதிவிடுகிறார்கள். மிதப்பது வாயுவா, ஆலையா என்று படிப்பவர் திகைப்பர். மிதப்பது ஆலை, அதன் வயிற்றுக்குள் இருப்பதே திரவம். ‘மிதக்கும் வாயுத் திரவ ஆலை’ என்பதே நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. சுருக்கமாக ஆலைக் கப்பல் என்று சொன்னாலும் குற்றமில்லை. இயந்திரத்தால் தானே பயணம் செய்யாமல், இழுவைக் கப்பல்களால் கொண்டுவரப்பட்டு நங்கூரமிடப்படும் கப்பல் என்பதை மட்டும் நினைவில் வைத்தல் வேண்டும்.

அத்தகைய ஆலைக் கப்பலில் நடப்பது என்ன? கடலடிக் கிணறுகளிலிருந்து நெளியும் குழாய்கள் வழியே வாயு மேலேறி வருகிறது. அதிலுள்ள நீர், கரியமில வாயு, பாதரசம், கந்தக வாயு ஆகியவற்றை முதலில் அகற்றுகிறார்கள். நீரும் கரியமில வாயுவும் கடுங்குளிரில் உறைந்து குழாய்களை அடைத்துவிடும், பாதரசமோ அலுமினியத்தை அரித்துவிடும். தூய்மையான வாயுவை, நம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் நடக்கும் அதே முறையில், வேறு வாயுக்களை அழுத்தியும் விரித்தும் உண்டாக்கிய குளிரால் படிப்படியாகக் குளிர்விக்கிறார்கள். உண்டான திரவம் கப்பலின் அடித்தட்டுத் தொட்டிகளில் சேர்கிறது. சில நாட்களுக்கு ஒருமுறை சரக்குக் கப்பல் ஒன்று வந்து விலாவோடு விலாவாக நின்று அதை வாங்கிச் செல்கிறது. கரையில் பல நூறு ஏக்கரில் பரப்பி வைக்கும் இயந்திரங்களை ஒரு கப்பல் தளத்தில் அடுக்கடுக்காக அமைக்க வேண்டியிருப்பதும், அலையில் தொட்டித் திரவம் அலைமோதிச் சுவர்களைத் தாக்காமல் காக்க வேண்டியிருப்பதும் இதன் தனிச் சங்கடங்கள்.

உலகம் முதலில் அறிந்த பேராலை ஆஸ்திரேலியாவின் ‘பிரெலூட்’. ஷெல் நிறுவனம் 2011 மே மாதம் முடிவெடுத்து, தென் கொரியாவின் கோஜே தீவிலுள்ள சாம்சங் கப்பல் தளத்தில் கட்டுவித்தது. நீளம் 488 மீட்டர், அகலம் 74 மீட்டர். இயந்திரங்களைக் குளிர்விக்க, 150 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு 50,000 கன மீட்டர் கடல்நீரை உறிஞ்சும் குழாய்கள் அதில் உள்ளன. கொடும்புயல் வந்தாலும் நின்ற இடத்திலேயே நின்று, முகப்பிலுள்ள சுழல் கோபுரத்தைச் சுற்றிக் காற்றின் திசைக்கேற்பத் திரும்பிக்கொள்ளும்படி வடிவமைத்தார்கள். 2017-இல் புரூம் நகரிலிருந்து 475 கிலோமீட்டர் தொலைவில் அது நிலைநிறுத்தப்பட்டு, 2019 ஜூன் மாதம் முதல் சரக்கை அனுப்பியது. ஆண்டுக்கு 36 லட்சம் டன் திரவ வாயு என்பது அதன் திறன். எனினும் 2020 பிப்ரவரியில் மின்சாரக் கோளாறால் நின்று, ஏறத்தாழ ஓராண்டு உறங்கிற்று. 2021 டிசம்பரில் தீ விபத்தை அடுத்து மின்சாரம் அறவே போய் மீண்டும் சில மாதங்கள் நின்றது. பெரிதாகக் கட்டியதே இதன் பலவீனமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

காலத்தால் முந்தியது உண்மையில் மலேசியாவின் ‘பி.எஃப்.எல்.என்.ஜி. சத்து’ என்னும் சிறிய கப்பல்தான். பெட்ரோனாஸ் நிறுவனத்துக்குரிய அக்கப்பல், ஆண்டுக்கு 12 லட்சம் டன் திறனுடன், சராவாக் கரைக்கு அப்பால் 2016 டிசம்பரில் திரவ வாயுவை உற்பத்தி செய்யத் தொடங்கியது. மூன்றாண்டு கழிந்து 2019-இல் அதைக் கழற்றி, சபா மாநிலக் கடலிலுள்ள வேறொரு வயலுக்கு இழுத்துச் சென்றார்கள். கரையில் கட்டிய ஆலையை யாரால் இவ்வாறு பெயர்க்க இயலும்? ஆனால் பெயர்க்கக்கூடிய ஆலை பெயர்ந்துபோகவும் கூடும். அர்ஜென்டினா 2019-இல் பாஹியா பிளாங்கா துறையில் ‘டாங்கோ’ என்னும் சிறு ஆலைக் கப்பலைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் அமர்த்தியது. மறு ஆண்டே உலகச் சந்தையில் விலை வீழ, அரசு சார்ந்த எண்ணெய் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்து 15 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. கப்பல் கிளம்பிற்று, 2023 டிசம்பரில் அதே கப்பல் ஆப்பிரிக்காவின் காங்கோ குடியரசுக் கரையில் வாயுவைக் குளிர்விக்கத் தொடங்கியது.

இவையெல்லாம் முன்னுரை. நாம் சொல்ல வந்தது மொஸாம்பிக் நாட்டின் கதையை.

மொஸாம்பிக் நமக்கு அந்நியமன்று. 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வருமுன் மொஸாம்பிக் தீவில் தங்கினான். டையூவின் வணிகர்கள் நூற்றாண்டுகளாக அத்தீவுக்குத் துணி கொண்டுசென்று தந்தம் கொண்டுவந்தார்கள். போர்த்துகேசிய ஆட்சி நீங்கி 1975 ஜூன் 25-இல் அந்நாடு சுதந்திரமடைந்தது. இரண்டே ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, 1992-இல் ரோமாபுரியில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை நீடித்தது. போரிலும் பஞ்சத்திலும் சுமார் பத்து லட்சம் மக்கள் மடிந்தனர் என்பது பொதுவான கணக்கு.

இயற்கைச் செல்வம் அந்நாட்டுக்குப் புதிதன்று என்பதையும் கவனிக்க வேண்டும். ஜாம்பேசி நதியின் குறுக்கே போர்த்துகேசியர் கட்டிய கஹோரா பாஸா அணையின் மின்சாரம், 1,400 கிலோமீட்டர் நீளக் கம்பி வழியே தென்னாப்பிரிக்காவுக்கு விற்பதற்கென்றே உருவானது. போர்க்காலத்தில் கோபுரங்கள் தகர்க்கப்பட்டமையால் அதுவும் பல்லாண்டுகள் நின்றது. அணையின் பெரும்பங்கு உடைமை போர்த்துகலிடமிருந்து மொஸாம்பிக்குக்கு மாறியது 2007-இல்தான். இனி, பாண்டே என்னுமிடத்தில் 1961-இலேயே இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது பயனுக்கு வந்தது 2004-இல். அதுவும் 865 கிலோமீட்டர் குழாய் வழியே தென்னாப்பிரிக்காவின் ஆலைகளுக்கு. தன் மண்ணில் விளைவது அடுத்த வீட்டு விளக்கை எரிப்பதைக் காணும் அனுபவம் அம்மக்களுக்கு இருமுறை வாய்த்திருந்தது.

இந்நிலையில், 2010-லிருந்து வடகோடியில், தான்சானியாவை ஒட்டிய ரொவுமா கடற்பகுதியில் வாயு மேல் வாயுவாகக் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் அமெரிக்க நிறுவனமாகிய அனடார்க்கோ. பின் 2011-இல் இத்தாலிய நிறுவனமாகிய எனி. 2012 மே மாதத்தில் எனி கண்ட ‘கோரல்’ வயலில் மட்டும் சுமார் 45,000 கோடி கன மீட்டர் வாயு அடங்கியிருப்பதாக மதிப்பிட்டனர். நாட்டின் மிக வறிய மாகாணங்களுள் ஒன்றாகிய காபோ டெல்காடோவின் கரைக்கு எதிரே இத்தனையும் கிடந்தது.

வாயு வருமுன் கடன் வந்தது. 2013, 2014-ஆம் ஆண்டுகளில், மீன்பிடிக் கப்பல்களும் கடற்காவல் படகுகளும் வாங்குவதாகக் கூறி, அரசுடைமைக் கம்பெனிகள் மூன்று சுமார் 200 கோடி டாலர் கடன் பெற்றன. அரசு அதற்குப் பிணை நின்றது. இதில் பெரும்பகுதி நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் நடந்தது. 2016-இல் செய்தி வெளியானதும் சர்வதேச நிதி நிறுவனம் உதவியை நிறுத்தியது, நாணய மதிப்புச் சரிந்தது, விலைவாசி ஏறியது. முன்னாள் நிதியமைச்சர் ஒருவர் 2024-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். வரப்போகும் வாயுவை எண்ணியே கடன் கொடுத்தோரும் கொண்டோரும் துணிந்தனர். பயிர் விளையுமுன் களத்து மேட்டில் கணக்குத் தீர்க்கும் வழக்கம் நம் கிராமங்களுக்கும் தெரிந்ததே.

வாயுவை எடுப்பதற்கு இரு வழிகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, பல்மா நகருக்கு அருகே அஃபுங்கி தீபகற்பத்தில் பேராலை. மற்றொன்று, கோரல் வயலின் தென்பகுதிக்கு ஓர் ஆலைக் கப்பல். முதல் வழியில் துறைமுகம், விமானத் தளம், சாலை, ஆயிரக்கணக்கானோர்க்குக் கட்டுமான வேலை, உள்நாட்டு உபயோகத்துக்கு வாயு என்று நம்பிக்கைகள் பல இருந்தன. அங்கிருந்த உழவரும் மீனவரும் கிடுண்டா என்னும் புதுக் கிராமத்துக்குக் குடிபெயர்க்கப்பட்டதும் அதற்காகவே. இரண்டாவது வழியில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. கப்பல் கொரியாவில் உருவாகும். கரையைத் தொடாமலே கடலில் நிற்கும். திரவத்தை வேற்று நாட்டுக் கப்பல்கள் வாங்கிச் செல்லும். ஆனால் அது விரைவில் முடியும், செலவின் அளவு முன்கூட்டியே தெரியும்.

எனி நிறுவனமும் கூட்டாளிகளும் 2017 ஜூன் 1-ஆம் தேதி ஆலைக் கப்பலுக்கு இறுதி முடிவெடுத்தனர். மொஸாம்பிக் அரசின் எண்ணெய்க் கம்பெனியாகிய ஈ.என்.எச். 10 சதவிகிதப் பங்கு வகித்தது. உற்பத்தி முழுவதையும் 20 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ள பிரிட்டிஷ் பி.பி. நிறுவனம் முன்னதாகவே, 2016-இல், ஒப்பந்தம் செய்திருந்தது. வாங்குவோர் உறுதியானமையால்தான் வங்கிகள் கடன் கொடுத்தன. வறிய நாட்டுக்கு இத்தொழில் கைகூடும் முறை இதுவே.

அதே ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி, காபோ டெல்காடோவிலுள்ள மொசிம்போவா த பிரயா என்னும் துறைமுக நகரின் காவல் நிலையங்களை ஆயுதந்தாங்கிய கூட்டம் தாக்கியது. அதன்பின் கிளர்ச்சி பரவியது. 2019-இல் கென்னத் புயல் அம்மாகாணத்தைச் சூறையாடியது. 2021 மார்ச் 24-ஆம் தேதி கிளர்ச்சிக்காரர் பல்மா நகருக்குள் புகுந்தனர். விடுதியொன்றில் அகப்பட்டோர் வெளியேற முயன்றபோது வழியில் கொல்லப்பட்டனர். கடற்கரையோரம் ஓடியவர்கள் படகுகளில் ஏறித் தப்பினர். அனடார்க்கோவிடமிருந்து அஃபுங்கித் திட்டத்தை ஏற்றிருந்த பிரெஞ்சு நிறுவனமாகிய டோட்டல், ஏப்ரல் இறுதியில், தன்னால் தடுக்கவியலாத நிலை எனச் சட்டப்படி அறிவித்து ஆட்களை முற்றிலும் விலக்கிக்கொண்டது. 2,000 கோடி டாலர் மதிப்புள்ள வேலை அப்படியே நின்றது. அவ்வாண்டில் வீடிழந்து அலைந்தோர் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர்.

இந்த நெருப்புக்கு எட்டாத தொலைவில், கோஜே தீவில், ஆலைக் கப்பல் ஒழுங்காக உருவாகிக்கொண்டிருந்தது. 432 மீட்டர் நீளமும் 66 மீட்டர் அகலமும் கொண்ட அதற்குக் ‘கோரல் சுல்’ என்று பெயரிட்டு, 2021 நவம்பர் 15-ஆம் தேதி விழா நடத்தினர். மொஸாம்பிக்கின் அந்நாள் ஜனாதிபதி பிலிப்பே நியூசியும் தென் கொரியாவின் அந்நாள் ஜனாதிபதி மூன் ஜே-இன்னும் வந்திருந்தனர். இழுவைக் கப்பல்கள் அதை இந்து மகாசமுத்திரத்தின் குறுக்கே கொண்டுவந்து, 2022 ஜனவரியில் ரொவுமாக் கடலில் சேர்த்தன. சுமார் 2,000 மீட்டர் ஆழமுள்ள நீரில், 20 நங்கூரத் தொடர்களால் அதைக் கட்டினர். ஆறு கிணறுகள், ஆண்டுக்கு 34 லட்சம் டன் திறன், 350 பேர் தங்க எட்டடுக்குக் குடியிருப்பு. அதே ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி ‘பிரிட்டிஷ் ஸ்பான்ஸர்’ என்னும் கப்பல் முதற் சரக்குடன் புறப்பட்டது.

வேளையும் வாய்ப்பாக அமைந்தது. யுக்ரேன் போரினால் ருஷியாவின் குழாய் வாயு குறைந்து ஐரோப்பா தவித்த குளிர்காலம் அது. கரையில் கட்ட முயன்றது சாம்பலும் மௌனமுமாய்க் கிடக்க, கடலில் மிதக்கவிட்டது மட்டும் காலந்தவறாமல் பலன் தந்தது. ஆலைக் கப்பலுக்கு இதைவிட வலிய சான்று வேண்டியதில்லை என்று தொழில் துறையினர் கூறினர்.

நாம் இங்கே சற்று நின்று யோசிக்கத் தோன்றுகிறது. கிளர்ச்சிக்காரர் கை அக்கப்பலுக்கு எட்டாமற்போனதற்கும், கரையிலுள்ள ஏழைகளின் கை எட்டாமற்போனதற்கும் காரணம் ஒன்றே; இடையிலுள்ள கடல். கோரல் சுல்லிலிருந்து கரைக்கு வாயுக் குழாய் கிடையாது. முதற் சரக்கு புறப்பட்ட நாளில் அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மின்சாரம் அறியாதிருந்தனர். ஆலையைக் கட்டிய கூலி கொரியருக்குச் சென்றது. நாட்டுக்கு வருவது வரியும், கட்டணமும், உற்பத்திப் பங்கும். உற்பத்திப் பங்கிலும், முதல் போட்ட நிறுவனங்கள் தம் செலவை முதலில் எடுத்துக்கொள்ளும். மீதியில்தான் அரசின் பங்கு, அதுவும் ஆண்டுகள் செல்லச் செல்ல உயரும்படி அமைந்தது. எனவே ஆரம்ப ஆண்டுகளில் கஜானாவுக்கு வருவது சொற்பம். பெரிய வருமானம் பின்னால்தான்.

இக்குறை வறிய நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவிலும் இதே வாதம் நடந்தது. கிம்பர்லி கரையில் ஜேம்ஸ் பிரைஸ் முனை என்னுமிடத்தில் ஒரு பேராலை கட்டும் திட்டத்தை, பழங்குடியினருள் ஒரு சாராரும் இயற்கைப் பாதுகாவலரும் எதிர்த்துவந்தனர், செலவும் ஏறியது, உட்ஸைட் நிறுவனம் 2013 ஏப்ரலில் அதைக் கைவிட்டது. எதிர்த்தோர் மகிழ்ந்தனர். ஆனால், கப்பலிலேயே குளிர்விக்கும் முறை பரவினால் தம் மாநிலத்துத் தொழிலாளர்க்கு என்ன மிஞ்சும் என்று மேற்கு ஆஸ்திரேலிய அரசு கவலைப்பட்டது. சட்டமன்றக் குழு ஒன்று இதையே ஆராய்ந்து 2014-இல் அறிக்கை தந்தது. பிரெலூட் நிற்பது மத்திய அரசின் கடற்பகுதியாதலால் மாநிலத்துக்கு உரிமைத்தொகையும் இல்லை. ஆயினும் அவர்களுக்கு வேறு சுரங்கங்கள் உண்டு, வேறு தொழில்கள் உண்டு. மொஸாம்பிக் அத்தகைய வசதியுடன் இவ்வாதத்தில் இறங்கவில்லை.

மலேசியாவின் நிலை மற்றொரு வகை. பின்துலு நகரில் 1983-லிருந்தே திரவ வாயுத் தொழில் நடத்திப் பழகிய நாடு அது. கரையில் கற்ற வித்தையைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. கப்பலும் தன்னுடையது, நடத்துவோரும் தன் மக்கள், எந்த வயலுக்கு இழுத்துச் செல்வது என்று தீர்மானிப்பதும் தன் கம்பெனி. கப்பல் ஒன்றே, அதை வைத்திருப்பவர் கையைப் பொறுத்துப் பலன் வேறுபடுகிறது. மொஸாம்பிக்கில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வைத்துக்கொண்டு கற்க வேண்டியிருந்தது. தொழில்நுட்பம் பயின்ற இளைஞர்கள் சிலரைக் கப்பலில் அமர்த்தியிருக்கிறார்கள் என்பது நல்ல செய்திதான். ஆயினும் 350 பேர் தங்கும் கப்பலில் எத்தனை பேருக்கு இடம் இருக்கும்?

வருமானத்தைக் காக்கும் முயற்சியும் நடந்தது. நாடாளுமன்றம் 2023 டிசம்பரில் ஒரு தேசிய நிதிச் சட்டத்தை நிறைவேற்றியது. வாயு வருமானத்தில் முதல் 15 ஆண்டுகள் 40 சதவிகிதம் சேமிப்புக்கும், 60 சதவிகிதம் வரவு செலவுத் திட்டத்துக்கும்; பின்னர்ச் சரிபாதி. நாட்டின் மத்திய வங்கி நிதியை நிர்வகிக்கும். பட்டினியாயிருப்பவனிடம் நூற்றுக்கு நாற்பதைப் பெட்டியில் பூட்டிவை என்பது கடினமான சட்டமே. மறைத்து வாங்கிய கடனின் வடு ஆறாதிருக்கும் நாட்டில் அதை நிறைவேற்றியது நம் மதிப்புக்குரியது. அதைக் கைக்கொள்ளுவதே இன்னும் கடினம்.

இதில் நம் நாட்டுக்கும் பொருள் சிக்கியிருக்கிறது என்பதைப் பலர் அறியார். கோரல் சுல்லில் நமக்குப் பங்கில்லை. ஆனால், கரையில் நின்றுபோன அஃபுங்கித் திட்டத்தில் இந்தியப் பொதுத் துறை நிறுவனங்களுக்கு மொத்தம் 30 சதவிகிதம் உண்டு, ஓ.என்.ஜி.சி. விதேஷ் 16, பாரத் பெட்ரோ ரிசோர்சஸ் 10, ஆயில் இந்தியா 4. இதில் 10 சதவிகிதம் வாங்க ஓ.என்.ஜி.சி. விதேஷ் மட்டும் அனடார்க்கோவுக்குக் கொடுத்த விலை 264 கோடி டாலர். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் வாயுவைப் பதினைந்து ஆண்டுகள் வாங்கிக்கொள்வதாகப் பாரத் பெட்ரோலியம் ஒப்புக்கொண்டுமிருந்தது. பல்மாவில் 2021-இல் நடந்ததன் சுமை, இவ்வாறு, மும்பையிலும் தில்லியிலும் உள்ள கணக்கேடுகளிலும் ஏறியது. ருவாண்டாவின் படைகளும் தென்னாப்பிரிக்கப் பிராந்திய நாடுகளின் படைகளும் அவ்வாண்டு ஜூலை முதல் உதவிக்கு வந்தன; மொசிம்போவா த பிரயா ஆகஸ்டில் மீட்கப்பட்டது. எனினும் டோட்டல் தன் அறிவிப்பை விலக்கிக்கொள்ள 2025-ஆம் ஆண்டின் இறுதி வரை ஆயிற்று. முதல் உற்பத்திக்கு 2029-ஐ இலக்காக வைத்தனர்.

அதற்குள் கடலில் இரண்டாவது கப்பலுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. 2025 அக்டோபர் மாதத்தில் எனியும் கூட்டாளிகளும் ‘கோரல் நோர்த்தே’ என்னும் ஆலைக் கப்பலுக்கு இறுதி முடிவெடுத்தனர். செலவு 720 கோடி டாலர். திறன் ஆண்டுக்கு 36 லட்சம் டன். 2028-இல் உற்பத்தி என்பது திட்டம். முதல் கப்பலின் வரைபடத்தையே பெரும்பாலும் பின்பற்றி, கோரல் வயலின் வடபகுதியில் அதை நிறுத்தவிருக்கிறார்கள்.